கடல் நத்தை

உப்புத்தண்ணீர் மீன்தொட்டி முதன்முறை வைக்கிறவர்கள் அதிகம் ஆசைப்படக் கூடாது என்றார் வவுனியாக் கடைக்காரர். இரண்டு கோமாளி மீன். சங்குக்குள் குடியிருக்கும் சின்ன நண்டு ஒன்று. பாசி தின்னக் கடையிலேயே விற்கும் நத்தை. கடலிலிருந்து எதையும் பிடித்துப் போட வேண்டாம்.

நத்தையை மட்டும் கஜேந்தினி வாங்காமல் விட்டாள். கிளிநொச்சி வரும்வரை மீன் பையை மகள் சாரங்காதான் மடியில் வைத்திருந்தாள். நாலு வயது. கையில் இருப்பதைக் கேட்டால் இன்னும் இறுக்குவாள்.

"நத்தையைக் காசு குடுத்து வாங்கிற சனமும் இருக்கோ?" என்று அவள் கணவன் வினோதன் சிரித்தான். மறுவாரம் முல்லைத்தீவுக்குப் போனவன் போத்தலில் ஒன்றைக் கொண்டுவந்தான். விரல் நீளம். கூம்பு வடிவம். ஓட்டில் வலை பின்னியது போல் மண்ணிறக் கோடுகள்.

"கரைவலையிலை வந்தது. உயிரோடை இருக்கு, பார்."

"கடலிலை பிடிச்சதைப் போட வேண்டாமெண்டெல்லே சொன்னவர்?"

"தன்ரை சாமான் விக்கவேணுமெண்டால் அவர் வேறை என்னத்தைச் சொல்லுவார்? நத்தை நத்தைதானப்பா."

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. வயல் வரம்பில் நத்தை பொறுக்கி வளர்ந்தவள். சாரங்காவும் வாய்க்காலில் பொறுக்கிவந்து வீட்டுத் தாரா வாத்துகளுக்குப் போடுவாள். நத்தை யாரையும் கடித்ததில்லை.

ஒரு மீன் காணாமல் போனது. முள்கூட மிஞ்சவில்லை.

"நண்டின்ரை வேலை," என்றான் வினோதன். நண்டை வாளிக்கு மாற்றினார்கள்.

பொழுதுபடும் நேரம். வினோதன் இன்னும் வயலால் வரவில்லை. விளக்குப் போட வந்த கஜேந்தினி தொட்டியைப் பார்த்தாள். மணலில் பாதி புதைந்திருந்த நத்தையின் ஒடுங்கிய முனையிலிருந்து வெள்ளையாக ஏதோ விரிந்தது, சாக்கின் வாயைப் போல. மற்ற மீன் அதற்குள் இருந்தது. வால் மட்டும் வெளியே. பிறகு வாலும் இல்லை.

குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று கடைக்காரருக்குப் போன் எடுத்தாள்.

"கூம்பு மாதிரியோ? வலைக்கோடு போட்டதோ?"

"ஓம்."

"அக்கா, அதைத் தொட்டுப்போடாதேங்கோ. ஊசி மாதிரி ஒண்டாலை குத்தும். ஆளையே கொல்லுற விசம். அதுக்கு மாத்து மருந்தில்லை. வீட்டிலை சின்னப் பிள்ளையள் இருக்கினமோ?"

அவள் திரும்பி வந்தபோது தொட்டியோடு ஒட்டி, ஏறி நிற்க வசதியாக ஒரு கதிரை நின்றது. கதிரையில் ஈரம். நிலத்தில் தண்ணீர்ச் சொட்டுகள், பின்கதவு வரைக்கும். தொட்டி மணலில் ஒரு குழி.

தாராக் கூட்டின் முன்னால் சாரங்கா குந்தியிருந்தாள். வலது கை பொத்தியிருந்தது. மணிக்கட்டால் தண்ணீர் வடிந்தது.

கஜேந்தினி ஓடவில்லை. நடந்துபோய்ப் பக்கத்தில் குந்தினாள்.

"தாராவுக்குப் பசிக்குதாம் பிள்ளை. எறியுங்கோ."

"இது தாராவுக்கில்லை."

"அப்ப ஆருக்கு?"

"எனக்கு."

விரலிடுக்கில் ஓட்டின் முனை தெரிந்தது. அதிலிருந்து சிவந்த குழாயொன்று மெல்ல நீண்டு, அங்குமிங்கும் அசைந்தது. எதையோ தேடுவது போல.

தா என்று கேட்க முடியாது. கஜேந்தினி தன் வெறுங்கையை விரித்து, மகளின் கைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள்.

சாரங்கா அம்மாவின் கையைப் பார்த்தாள். யோசித்தாள்.

"பாத்திட்டுத் திருப்பித் தரவேணும், என்ன?"

"ஓம்."

சாரங்காவின் சுண்டுவிரல் முதலில் விரிந்தது. குழாய் அந்தப் பக்கம் திரும்பியது.