வட்டத்துக்கு வெளியே ஒரு குழாய்

1

இந்தக் காலத்தில் யாரும் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. கருவியை நீட்டுகிறார்கள், அது காட்டும் எண்ணை எழுதிக்கொள்கிறார்கள், போய்விடுகிறார்கள். இதை மூன்று நாளாக வீட்டில் புலம்பியதால் பிறந்தது இந்தக் கதை. மருமகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள்.

"மாமா, என் காதுல ஊத்துறத இதுல ஊத்துங்க."

அவள் துறைமுகத்தில் எண்ணெய்க் குழாய்களுக்குப் பொறுப்பான இன்ஜினியர். நான் அதே குழாய்களில் முப்பது வருஷம் ஃபிட்டராக—

(நான், நான் என்று எழுதினால் தம்பட்டம் மாதிரி இருக்கிறதாம். அதுவும் அவள் சொன்னதுதான். இனி 'கிழவன்'.)

2

தொடக்கம் ஒன்று: கடல் அன்று அமைதியாக—

வேண்டாம். எண்ணெய் கொட்டினால் எல்லாக் கடலும் ஒரே நிறம்தான்.

தொடக்கம் இரண்டு: நாளைக் காலை பத்து மணிக்குக் கப்பலிலிருந்து ஃபர்னஸ் ஆயில் இறக்கப் போகிறார்கள். அதற்குமுன், குழாய் நன்றாக இருக்கிறது என்று மருமகள் கையெழுத்துப் போட வேண்டும். ஏழாவது தாங்கியின்மேல் குழாய் உட்காரும் இடத்தை அடியில் துரு தின்றிருக்கும் என்கிறான் கிழவன்.

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

3

"குழாயோட கனத்தை அளந்தாச்சு மாமா. பன்னிரண்டு வருஷமா ஒரு நூல்கூடத் தேயல."

"எங்க அளந்தீங்க?"

"வெள்ளை வட்டம் போட்ட இடத்துல. வேற எங்க அளப்பாங்க?"

கிழவனுக்குச் சிரிப்பு வந்தது. வருஷா வருஷம் அந்த வட்டத்துக்குள்தான் சுரண்டுகிறார்கள், அளக்கிறார்கள், புதுப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அங்கே துரு எப்படி நுழையும்?

"மூஞ்சிய மட்டும் கழுவிட்டுக் குளிச்சேன்னு சொல்ற கதையா இருக்கு."

"அது உங்க மகன் பண்றது. சரி, அந்த வட்டத்தையெல்லாம் போட்டது யாரு?"

4

இங்கே பேனா ஒரு டீ குடிக்கிற நேரம் நின்றது.

(இந்தக் கிழவன்மேல் எனக்கே சந்தேகம். ரொம்ப நல்லவனாக வருகிறான். உண்மையை எழுதிவிடுகிறேன்: வட்டங்களைப் போட்டது அவன்தான், ஓய்வு பெற்ற வருஷம். நின்றபடி கை எட்டிய இடத்தில் போட்டான். அடியில் போடப் படுத்து ஊர வேண்டும்; அன்று முதுகு பிடித்திருந்தது.)

மருமகள் இதுவரை படித்துவிட்டு நோட்டை மூடினாள்.

"அப்போ இத்தனை வருஷமா உங்க முதுகுவலியையா அளந்துட்டிருந்தோம்?"

5

முடிவு ஒன்று: அவள் கையெழுத்துப் போடுகிறாள், குழாய் கிழிகிறது, கடல் கறுக்கிறது, கிழவன் ஜெயிக்கிறான். எழுதிப் பார்த்தேன், ஜெயித்த மாதிரியே இல்லை. கையெழுத்து அவளுடையதாயிற்றே.

முடிவு இரண்டு: குழாய் கல்லு மாதிரி இருக்கிறது, ஊரே கிழவனைப் பார்த்துச் சிரிக்கிறது. இதை எழுதக் கை வரவில்லை.

நடந்தது: அவள் கையெழுத்துப் போடவில்லை. கப்பலைக் காக்கவைத்து, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஏழாவது தாங்கியில் குழாயைத் தூக்க வைத்தாள். அடியில் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சுரண்டிய கம்பி உள்ளேயே போய்விட்டது.

நாலாம் நாள் சாயங்காலம் முதுகெல்லாம் துருவோடு வந்தாள்.

"அந்தத் துண்டை வெட்டி மாத்தியாச்சு. எல்லாத் தாங்கியிலயும் தூக்கிப் பார்த்து, அடியில நானே ஊர்ந்துபோய் வட்டம் போட்டுட்டேன். இப்ப திருப்தியா?"

"இனிமே அந்த வட்டத்துக்குள்ள மட்டும் அளப்பீங்க."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கடைசி வரியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். துறைமுக வேலிக்கு வெளியிலிருந்து கை எட்டுகிற குழாய் ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிப் பார்க்கக் கிழவன் சுத்தியலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.