கையெழுத்துப் போடாதவள்

பெரியவள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா அந்தத் தாள்களை அவள் மூக்குக்கு நேராக நீட்டினார். தங்கைக்குப் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அதற்கான கல்விக் கடன் விண்ணப்பம். ஜாமீன்தாரர் என்ற இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி வேறு போட்டு வைத்திருந்தார்.

"இங்க ஒண்ணு, அடுத்த பக்கத்துல ஒண்ணு. நாளைக்கே பேங்க்ல குடுக்கணும்."

அப்பா லிப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் நட்டைக் கழற்றுவதற்கு முன்பே, "என் பெரிய பொண்ணு எங்க படிச்சா தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். அவள் எங்கே படித்தாள் என்பது ஊருக்கே தெரியும். அந்தப் படிப்புக்கு வாங்கிய கடனை எட்டு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் யாருக்கும் தெரியாது. சம்பளம் வந்த மறுநாளே பாதி பறந்துவிடும். சொத்தைப் பல்லுக்கு வைத்தியம் பார்க்க வழியில்லாமல் இரண்டு வருடமாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள்.

பம்ப் தொழிற்சாலையில் அவளுக்கு எதிர் மேஜைக்காரன் சாதாரண அரசுக் கல்லூரியில் படித்தவன். அதே வேலை, அதே சம்பளம். போன மாதம் வீடு கட்ட அஸ்திவாரம் போட்டுவிட்டான்.

"அரசுக் கல்லூரியிலயும் இவளுக்கு இடம் கிடைச்சிருக்குல்ல? உதவித்தொகையோட?"

"அதெல்லாம் ஒரு காலேஜா? வாசல் போர்டே கோணலா தொங்குது. நாலு பேர் கேட்டா என்னன்னு சொல்றது?"

அவள் தாள்களைத் தள்ளிவிட்டாள்.

"அந்த நாலு பேர்ல ஒருத்தரையாவது ஒரு தவணை கட்டச் சொல்லுங்க பாப்போம்!"

"படிக்க வெச்ச நன்றி கொஞ்சமாவது இருக்கா உனக்கு?"

"யாருப்பா படிக்க வெச்சது? கையெழுத்து போட்டது நீங்க. கட்டுறது நான்."

அப்போது உள்ளறையிலிருந்து சின்னவள் வந்து நின்றாள்.

"அப்பாகிட்ட ஏன் கத்துற? அங்க போகணும்னு ஆசைப்படறது நான். நீ மட்டும் படிச்சு அந்தப் பேரை வாங்கிக்கிட்ட. எனக்குன்னா கதவைச் சாத்துற. பொறாமை உனக்கு."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. பெரியவள் கைப்பேசியில் கடன் கணக்கைத் திறந்து தங்கையின் கையில் திணித்தாள்.

"இத்தனை வருஷத்துல அசல் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு படி. சத்தமா படி."

சின்னவள் படித்தாள். கட்டியதில் பெரும்பகுதி வட்டிக்கே போயிருந்தது. ஆனாலும் இறங்கி வரவில்லை.

"நான் உன்ன மாதிரி இருக்க மாட்டேன். பெரிய வேலையா வாங்குவேன்."

"நானும் இதே இடத்துல நின்னு இதையேதான்டி சொன்னேன்."

அவள் கையெழுத்துப் போடவில்லை. அப்பா தன் அண்ணனிடம் ஓடினார். 'அந்தக் காலேஜ்னா சும்மாவா!' என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்த பெரியப்பா, ஜாமீன் என்றதும் மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று தேடத் தொடங்கினார். கடைசித் தேதி முடியும்வரை அது கிடைக்கவே இல்லை.

சின்னவள் அரசுக் கல்லூரியில் சேர்ந்தாள். இரண்டு மாதம் அக்காவின் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. அப்பாவோ லிப்டுக்குள் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். பெரியவளுக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. யாரிடமும் சமாதானம் பேசப் போகவில்லை.

ஒரு மாலை சின்னவள் பையைத் தூக்கி மேஜைமேல் எறிந்தாள்.

"உன் பேச்சைக் கேட்டு சேந்தேன்ல, லேப்ல பாதி மிஷின் ஓடவே மாட்டேங்குது! கேட்டா, அரசாங்க எடம், அப்படித்தான் இருக்கும்ங்கறாங்க. முப்பது பேர் போய் பிரின்சிபால் ரூம் வாசல்லயே உக்காந்துட்டோம்."

"என்ன ஆச்சு?"

"இப்ப ரெண்டு ஓடுது. மீதி ஓடறவரைக்கும் தினமும் உக்காருவோம். உன்மேல இருக்கற கோவம் மட்டும் இன்னும் போகல, சொல்லிட்டேன்."

"இருக்கட்டும்" என்று பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எந்தெந்த மிஷின் ஓடல? ஒண்ணொண்ணா சொல்லு."