பின்வாசல் பூட்டு

சேவுகப்பெருமாள் சார் மீது ஞானபூரணி டீச்சருக்குச் சந்தேகம் விழுந்து ஒரு வாரமாகிறது. விழுந்ததென்ன, வேர் பிடித்து இலையும் விட்டாயிற்று.

காரைக்குடிப் பக்கம் பழைய செட்டியார் வீடொன்றில் வாடகைக்கு நடக்கிறது அந்தத் தொடக்கப்பள்ளி. முன்வாசலில் நின்றால் முற்றங்களைத் தாண்டிப் பின்வாசல் ஒரே நேர்கோட்டில் தெரியும். சத்துணவு சமைக்கும் கொட்டகை முன்பக்கம். அங்கே சிலிண்டர் பற்றிக்கொண்டால் பிள்ளைகள் பின்வாசல் வழியாகத்தான் தப்ப வேண்டும். பேரிடர்ப் பயிற்சிக்குப் போய்வந்தவள் ஞானபூரணி. மணி அடித்தால் நிற்காதே, திரும்பிப் பார்க்காதே, நேரே ஓடு என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருந்தாள். கும்பகோணம் பள்ளித் தீயில் கருகிய பிள்ளைகளை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

அந்தப் பின்வாசலில்தான் ஐப்பசி மழைக்குப் பிறகு திடீரென்று ஒரு பூட்டு. சாவி சேவுகப்பெருமாள் சாரிடம். ஏன் என்று கேட்டால் பிறகு பார்க்கலாம் என்று நழுவுவார். மனுஷன் வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறார்? மத்தியானம் பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் போவார். திரும்பி வரும்போது பேண்ட் நனைந்திருக்கும், செருப்பில் சேறு அப்பியிருக்கும். எப்போதும் முன்னால் நிற்கும் அவர் பைக்கையும் காணோம். புது பைக் அல்லவா, பின்கட்டில் ஒளித்து வைத்துக் கழுவுகிறார் என்று பெனிட்டா டீச்சர் காதைக் கடித்தாள். ஒரு பைக்குக்காகப் பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டுவாரா இந்த ஆள்! ஞானபூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலைமையாசிரியர் மெய்யநாதனிடம் போய்ச் சொன்னாள். கட்டட உறுதிச் சான்றுக்கு ஆய்வு நடக்கப்போகிறது, அதுவரை பின்பக்கப் பேச்சே வேண்டாம் என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. ஓகோ, இவரும் கூட்டா என்று நினைத்துக்கொண்டாள்.

கையும் களவுமாகப் பிடித்தால்தான் சரிப்படும். பூட்டின் மறுசாவி தலைமையாசிரியர் மேசையில் கிடந்தது. மத்தியானம் சார் சந்துக்குள் நுழைந்ததும் அதை எடுத்துவந்து சத்தமில்லாமல் பூட்டைக் கழற்றினாள். கதவைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் கிறீச்சிடும், ஆள் உஷாராகிவிடுவார். நேரே போய் ஒத்திகை மணியை அடித்தாள்.

பிள்ளைகள் சொன்னபடி ஓடினார்கள். ஒருத்தரும் நிற்கவில்லை, திரும்பவில்லை. பெரிய பையன்கள் கதவைத் தள்ளித் திறந்தார்கள். கடைசிப் பிள்ளையோடு பெருமையாக வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பின்கட்டுச் சுவர் இல்லை. மழையில் இடிந்து கிடந்தது. இடிந்த இடத்துக்குக் குறுக்கே அந்தப் பைக், அதிலிருந்து இருபக்கமும் இழுத்துக் கட்டிய கயிறு. அதற்கு அங்குட்டு ஊருணி, படியெல்லாம் முங்கி விளிம்பு வரை தண்ணீர். குடிதண்ணீர் ஊருணி, ஊரில் ஒருவரும் கால்கூட வைக்கமாட்டார்கள். அதில் சேவுகப்பெருமாள் இடுப்பளவு நின்று, கயிற்றுக்கடியில் நுழைந்து வந்த பிள்ளைகளை ஒரு கையால் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். மறுகை ஒன்றாம் வகுப்பு ஆஷ்லினைத் தோளோடு அணைத்திருந்தது. சொட்டச் சொட்ட நனைந்த அந்தக் குட்டி இருமி இருமி அழுதாள்.

மாதாவே என்று வாய்விட்டு அலறியபடி ஞானபூரணி ஓடிப்போய்ப் பிள்ளைகளை உள்ளே இழுத்தாள். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள்.

கரையேறிய சேவுகப்பெருமாள் பேண்டைப் பிழிந்தார்.

"தெனமும் தண்ணி ஏறுது டீச்சர். எம்புட்டு ஏறுதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"கேட்டேனே சார். ஏன் மறைச்சீக?"

அவர் அவளுக்குப் பின்னால் பார்த்தார். மெய்யநாதன் வந்து நின்றுகொண்டிருந்தார், முகம் பேயறைந்த மாதிரி. ஆஷ்லினைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், பிறகு செல்போனை ஞானபூரணியிடம் நீட்டினார்.

"ஒத்திகை நடந்ததுக்குப் போட்டோ அனுப்பணும். செவுரு தெரியாம எடுங்க டீச்சர்."

அவள் செல்போனை வாங்கிக்கொண்டாள். நனைந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இடிந்த சுவர், பைக், ஊருணி எல்லாம் விழும்படி எடுத்தாள். எடுத்ததை அவர் கேட்கும் முன்பே மேலே, கல்வி அலுவலகத்துக்கு அனுப்பியும் விட்டாள்.