தண்ணீர் சுத்தம்

மூன்றாவது சான்றிதழும் திரும்பி வந்த அன்று மாலை, மகள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து முழங்காலில் போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கால் தோலுரித்த உருளைக்கிழங்கு மாதிரி வீங்கிப் பளபளத்தது. அடுப்பில் எதுவோ அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. எழுந்து போய் இறக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"தேதி பழசாம். புதுசா வாங்கிட்டு வரணுமாம்."

"போன வாரம்தானே வாங்கினோம்?"

"ஆமா."

அவ்வளவுதான் பேச்சு. சான்றிதழில் இருந்தது ஒரே வரி: இந்தப் பெண்ணுக்குத் தோல் நோய் எதுவும் இல்லை. விளையாட்டு மன்றத்தில் உயரம் தாண்டப் பழகும் எட்டுப் பெண்களில், நீச்சல் குளத்தில் இறங்க இந்த ஒரு வரியை இவள் ஒருத்தியிடம்தான் கேட்டார்கள். மற்ற ஏழு பேருக்கும் தோல் இருப்பதாகவே யாரும் நினைத்துப் பார்க்கவில்லை போலும்.

மாஸ்டரின் பயிற்சி முறை எளிது. வாரத்தில் மூன்று நாள் தரையில்: தோளில் எடையைத் தாங்கி உட்கார்ந்து எழ வேண்டும், மரப்பெட்டிமேல் தாவி ஏறிக் குதிக்க வேண்டும். இரண்டு நாள் தண்ணீரில்: இடுப்பளவு ஆழத்தில் நின்று அதே குதியைக் குதிக்க வேண்டும். எழும்பும்போது தண்ணீர் இழுத்துப் பிடிக்கும், அதனால் தொடைக்கு வலு ஏறும். இறங்கும்போது தாங்கிக்கொள்ளும், அதனால் மூட்டு பிழைக்கும். மற்றவர்கள் தண்ணீரில் இருக்கும் இரண்டு நாளும் இவள் மட்டும் தரையிலேயே குதித்தாள். ஐந்து மாதம் குதித்ததில் முழங்கால் கைவிட்டுவிட்டது.

தரையை விட்டுத் தண்ணீருக்குப் போ, இல்லாவிட்டால் தாண்டுவதையே மறந்துவிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அணித் தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. அதில் ஒரு மீட்டர் அறுபது தாண்டினால் அணியில் இடம், விடுதி, படிப்பு எல்லாம் உண்டு. தாண்டாவிட்டால் அம்மா போகும் வழிதான். டாக்டர் சொல்லி என்ன பயன்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி, மன்றத்தின் செயலாளர்.

அம்மா போகும் வழி எது என்றும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குளத்தைக் கழுவுகிறவளே அவள்தான். பதினோரு வருடமாக. என்ன சோப்புப் போட்டாலும் கையில் மருந்து வாசனை போகாததால் எல்லோருக்கும் அவள் குளோரின் அக்கா. தினமும் காலையில் ஒரு சின்னக் குழாயில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்து, வாசல் பலகையில் சாக்கட்டியால் 'தண்ணீர் சுத்தம்' என்று எழுதுவாள். அவள் எழுதாமல் ஓர் உறுப்பினரும் இறங்கமாட்டார். அவள் வாக்கை நம்பி வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளிப்பவர்கள் உண்டு. அவள் வயிற்றில் பிறந்தது இறங்கினால் மட்டும் அதே தண்ணீர் கெட்டுப்போகும். இதற்குப் பெயர் சுகாதாரம்.

மறுநாள் அம்மா செயலாளரைப் போய்ப் பார்த்தாள். அவர் கத்தவில்லை, நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தனக்கு இதில் ஒன்றுமே இல்லை என்றும், உறுப்பினர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்றும், அந்தத் தெருவிலிருந்து ஒருத்தி இறங்கினால் நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள் என்றும் தன்மையாகச் சொன்னார். மாஸ்டர் பக்கத்திலேயே நின்று விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூனைக்கு மணி கட்ட அவரும் தயாராக இல்லை.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல் தன்னையே தொட்டுப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டாள்.

கூட்டம் அதிகமான மாதங்கள் அவை. திங்களும் வியாழனும் குளத்தை மூடி, காலி செய்து, தேய்த்து, மறுபடி நிரப்புவார்கள். மேல் ஓரத்து ஓடுகளில் உறுப்பினர்களின் உடம்பு எண்ணெய் கறுத்த கோடாகப் படிந்திருக்கும். தண்ணீர் இடுப்பளவு ஏறும்போது உள்ளே நின்று, நீளப் பிரஷ்ஷால் அதைத் தேய்ப்பதுதான் வழக்கம். அந்தத் திங்கள் கூட வேலை செய்பவள் வரவில்லை. நொண்டி நொண்டி மகளே வந்தாள். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவுக்குப் பின்னால் மகளும் பிரஷ்ஷோடு இறங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, வலிக்கல" என்றாள்.

"எது?"

"கால்."

சொல்லிவிட்டு மெதுவாக ஒரு குதி குதித்தாள். பிறகு இன்னொன்று. அம்மா வாசல் பக்கம் பார்த்தாள். காவலாளி பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இரண்டு பெண்கள் பிரஷ்ஷோடு குளத்தில் நிற்கிறார்கள். அதில் பார்க்க என்ன இருக்கிறது? தலையைத் திருப்பிக்கொண்டான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரம் இரண்டு நாள். கூட வேலை செய்பவள் திரும்பி வந்த பிறகும் மகள் வந்துகொண்டிருந்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, சான்றிதழும் கேட்கவில்லை. மாஸ்டர் ஒருநாள் ஒரு துண்டுக் காகிதத்தை அம்மாவின் வாளியில் போட்டுவிட்டுப் போனார். பத்துப் பத்தாக ஆறு முறை, நடுவில் ஒரு நிமிட ஓய்வு என்று எழுதியிருந்தது. அவருடைய வீரம் அதுவரைக்கும்தான்.

நான்காவது வாரம் செயலாளரே வந்து நின்றார். மகள் பிரஷ்ஷைத் தலைக்குமேல் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக் குதிக்கிறா?"

"மேல் ஓரம் எட்டல சார்" என்றாள் அம்மா.

அவர் கறுத்த கோடு இருந்த இடத்தைப் பார்த்தார், குனிந்து ஓடுகளை விரலால் தொட்டும் பார்த்தார். "பளிச்சுன்னு இருக்கே. இப்படியே தேய்க்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள், அல்லது வேறு ஏதாவது ஆகியிருக்கும்.

தேர்வில் மகள் ஒன்று அறுபத்திரண்டு தாண்டினாள். மன்றத்திலிருந்து தேர்வானது அவள் ஒருத்திதான். செய்தி வந்தபோது அம்மா வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நல்லது என்றாள். திருகாணி ஒவ்வொன்றையும் துடைத்துத் திரும்ப மாட்டினாள்.

அடுத்த ஞாயிறு காலை மன்றமே திரண்டு வந்திருந்தது. 'நிலத்திலும் நீரிலும் பயிற்சி: எங்கள் மன்றத்தின் வெற்றி' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். புகைப்படக்காரர் குளத்து ஓரத்தில் முக்காலியை நிறுத்தினார். ஏழு பெண்களும் தண்ணீரில் இறங்கி, நடுவில் இடம் விட்டு நின்றார்கள்.

"வாம்மா, இறங்கு" என்றார் செயலாளர். "நம்ம குளத்துல பழகின பொண்ணு நீ. நடுவுல நில்லு."

மகள் இறங்கவில்லை. சாமான் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் நீளப் பிரஷ் இருந்தது. அதோடு படிகளில் இறங்கி, நடுவில் போய் நேராக நின்றாள்.

செயலாளர் சிரித்தபடியே, "அது எதுக்கும்மா? ஓரமா வச்சிடு" என்றார்.

"இது கையில இல்லாம நான் இந்தத் தண்ணியில இறங்கினதே இல்ல சார்" என்றாள் மகள். குரலை உயர்த்தவில்லை. "நீங்களே பாத்தீங்களே. நல்லா தேய்க்கிறேன்னு சொன்னீங்க."

ஏழு பெண்களில் ஒருத்தி தலையைக் குனிந்தாள். மாஸ்டர் விசிலைத் தேடிப் பாக்கெட்டில் கைவிட்டார். புகைப்படக்காரர் மட்டும், வெயில் ஏறுகிறது என்று சொல்லிப் பொத்தானை அழுத்திவிட்டார்.

எல்லோரும் கலைந்த பிறகு செயலாளர் அம்மாவிடம் வந்தார். முகத்தில் அதே தன்மை. "நாளைக்குக் குளத்தைக் காலி பண்றதை இன்னைக்கே பண்ணி, தண்ணியைத் திறந்து விட்டுடு. புதுத் தண்ணி வேணும்னு உறுப்பினருங்க கேக்கிறாங்க. அந்தப் பலகையையும் அழிச்சிடு."

"சரி சார்" என்றாள் அம்மா.

போய் வால்வைத் திருகினாள். தண்ணீர் இறங்கத் தொடங்கியது. பலகையின் முன்னால் வந்து நின்றாள். துணி கையில்தான் இருந்தது. அன்று காலையில் அவளே சோதித்து அவளே எழுதியது. மகள் ஏறிய பிறகு, யாரும் பார்க்காதபோது, இன்னொரு முறை குழாயில் பிடித்துச் சொட்டு விட்டும் பார்த்திருந்தாள். காலையில் கண்ட அதே நிறம்தான்.

துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகளைக் கூப்பிட்டு வீட்டுக்கு நடந்தாள். குளம் காலியான பிறகும் வாசல் பலகையில் 'தண்ணீர் சுத்தம்' என்றே இருந்தது.