பச்சை விளக்கு எரிந்ததே

மூன்று என்றல்லவா இருக்க வேண்டும், ஒன்று என்று காட்டுகிறதே, காலையில் கிளம்பும்போது மூன்றில்தானே வைத்தேன், சத்தியமாக வைத்தேன்... இந்த வீட்டு ஆக்ஸிஜன் மெஷினின் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, கருவியைக் கையில் பிடித்தபடி குந்தியிருக்கிறேன். உள்ளங்கை அளவுதான், கம்ப்யூட்டர் வேண்டாம், பேட்டரி போதும், முனையை மெஷின் போர்டில் பொருத்தி ஒரு பட்டன், வைத்த எண்ணுக்குரிய புரோகிராம் மெஷினில் ஏறிவிடும், பச்சை விளக்கு எரியும். சோப்பு டப்பா என்று ஆபீஸில் கேலி. ஆனால் பேட்டரியை மாற்றினால் எண் தானாக ஒன்றுக்குத் திரும்பிவிடும், இதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்ததே நான்தான், பெரிய கெட்டிக்காரன். எங்கே மாற்றினேன்? ஐயோ, இதற்கு முந்தைய வீடு, தையல்காரர் வீடு. மூன்றாம் எண் வீடுகளுக்கானது. ஒன்றாம் எண் தொழிற்சாலைக்கானது, சோதிக்கிறவர்களின் காதைக் காப்பாற்ற அலாரத்தை ஊமையாக்கி வைத்த புரோகிராம். அதையா ஏற்றிவிட்டு வந்தேன்? பச்சை எரிந்ததே... எது ஏறினாலும் பச்சைதான் எரியும், மடையா.

அவர் மனைவி வாசல்வரை வந்து சொன்னாளே, “காரணமே இல்லாம கத்துது தம்பி, மூணு நாளா கண்ண மூடல.” நான் என்ன சொன்னேன்? “இனிமே சும்மா கத்தாதுக்கா, நெஜமாவே காத்து குறைஞ்சாத்தான் கத்தும், நீங்க நிம்மதியா தூங்குங்க.” இந்த வாயை என்ன செய்வது... அவளைக் கூப்பிடுகிறேன், மணி அடிக்கிறது, எடு, எடுத்துத் தொலையேன், ஏழு, எட்டு, மறுபடி முதலிலிருந்து... “ம்... தம்பியா? இப்பதான் கண்ணசந்தேன். பொட்டுச் சத்தம் இல்ல, புண்ணியவான் நீங்க, நல்லா இருக்கணும்.” “அக்கா, அண்ணனப் போய்ப் பாருங்க.” “ஏன் தம்பி, என்னாச்சு?” “கேக்காதீங்க, மொதல்ல பாருங்கக்கா!” கட்டில் கிரீச்சிடுகிறது, செருப்பு தேய்கிறது, கதவு. வேலைச் சீட்டில் மூன்று என்றுதானே எழுதியிருக்கிறேன், இப்போதே ஓடிப்போய் மாற்றி ஏற்றிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது... சீ. அந்த மனிதர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை, அதற்குள் எனக்கு இதுவா தோன்ற வேண்டும்? இவ்வளவுதானா நான்? அங்கே அவள், “என்னங்க,” என்கிறாள். கொஞ்சம் பொறுத்து, உரக்க, “என்னங்க...”