வெட்டுமேசையில் ஒரு கப்பல்

சனிக்கிழமை பதினோரு மணிக்குள் சொல்லிவிட வேண்டும் என்றான் ஜாய்சன். அவன் அதைச் சொன்னது செவ்வாய்க்கிழமை. ரோச்சுக்கு இடது காது மந்தம். இருபத்தாறு வருடம் எஞ்சின் ரூமில் இருந்த காது. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துத்தான் பேசுவான். மேசையின் மறுபாதியில் அவன் மனைவி விஜிலா ஒரு ரவிக்கைத் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எல்லாம் கேட்டது.

"அண்ணே, பல்க் கேரியர் கப்பல். ஏழு மாசம். ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி சிங்கப்பூர்ல ஏறணும். ஒரு மோட்டார்மேன் கடைசி நேரத்துல கழண்டுட்டான். நீங்க ம்முன்னு சொல்லுங்க, பேரப் போட்டுருதேன்."

"பாக்கேன்லே."

"என்னத்தப் பாக்கீய? வீட்ல இருந்து என்ன செய்யப் போறீய?"

"கப்பல் கட்டுதேன்."

ஜாய்சன் சிரித்தான். அவனும் தூத்துக்குடிக்காரன்தான். மும்பையில் கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஆபீசில் இருந்தான். சிரித்து முடித்து, "சனிக்கிழமை பதினோரு மணிக்கு நானே கூப்புடுதேன். அதுக்கு மேல பிடிச்சு வைக்க முடியாதுண்ணே" என்றான்.

ரோச் சொன்னது பொய்யில்லை. மேசையில் அவன் பாதியில் கப்பல் கிடந்தது. மூன்று வருடத்துக்கு முன் இத்தாலியின் ஜெனோவாவில் கப்பல் ரிப்பேருக்காக மூன்று நாள் நின்றபோது வாங்கிய மாதிரிக் கப்பல் பெட்டி. இரண்டு லீவு முழுவதும் பீரோவின் மேலேயே இருந்தது. இந்த முறைதான் இறக்கினான். மூடிப் படத்தில் மூன்று பாய்மரமும் விரித்த பாய்களுமாக ஒரு கப்பல் கடலைக் கிழித்துக்கொண்டு போனது. உள்ளே ஒட்டுப்பலகைத் தகடுகள், கட்டுக்கட்டாக மெல்லிய மரச்சக்கைகள், நூல்கண்டு, பித்தளைப் பொட்டுகள், இத்தாலியனிலும் ஆங்கிலத்திலும் ஒரு புத்தகம். விஜிலா மூடியையும் உள்ளே இருந்ததையும் மாறிமாறிப் பார்த்தாள். "வெளிய கப்பல் இருக்கு, உள்ள வெறகுல்லா இருக்கு" என்றாள். அன்றே மேசையின் நடுவில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அவளுடைய துணி. மாதா கோயில் கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் ரவிக்கை தைத்தாள்.

ஆடிக் காற்றுக்கு ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தார்கள். அவன் உப்புத்தாளால் மரத்தைத் தேய்த்தான். அவள் மெஷினை ஓட்டினாள். அவள் நிறுத்தும்போது அவன் சத்தம் கேட்டது. அவன் நிறுத்தும்போது அவள் சத்தம் கேட்டது. மூன்றாம் நாளே அது அவளுக்குப் பழகிவிட்டது. பழகியதைக் கவனித்து, பழகியிருக்க வேண்டாம் என்றும் நினைத்தாள்.

அவன் இல்லாத வீடும் அவளுக்குப் பழக்கம்தான். அதில் துக்கம் ஒன்றும் இல்லை. மகள் டயானா வேலூரில் நர்சிங் படிக்கப் போன பிறகு வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஞாயிற்றுக்கிழமை மீன். அவன் வந்தால் இரண்டு தட்டு. எந்த லீவிலும் அவன் முழுதாக வந்து இறங்கியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். டம்ளரை வைத்துத் தெரியும். டீயைக் குடித்துவிட்டு டம்ளரை எப்போதும் மேசையின் நட்டநடுவில் வைப்பான். விளிம்பில் வைத்தால் கப்பல் சாயும்போது விழும். இங்கே மேசை சாயாது என்று கல்யாணமான புதிதில் சொல்லிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே நகர்த்தி வைத்தான். அடுத்த டீக்கு மறுபடியும் நடுவில். நாலு மாதம் இருந்தாலும் கிளம்பும் நாள்வரை நடுவில்தான்.

புதன்கிழமை பிளாரன்ஸ் அளவு கொடுக்க வந்தாள். நாலு வீடு தள்ளி இருப்பவள்.

"ரோச்சண்ணே, எப்ப வந்தீய?"

"மே கடைசில."

"எப்பப் போறீய?"

கப்பல்காரனை இந்த ஊர் கேட்பது இந்த இரண்டு கேள்விதான். முதல் கேள்விக்குப் பதில் வருமுன் இரண்டாவது வந்துவிடும். அவனிடம் எப்போதும் ஒரு தேதி இருக்கும். அன்றைக்கு இல்லை. கையில் இருந்த மரச்சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கையத் தூக்குளா" என்று விஜிலா பிளாரன்ஸின் தோளில் டேப்பை வைத்தாள். "போன வருசத்துக்கு ரெண்டு இஞ்சு கூடியிருக்கு."

"திருவிழா முடியட்டும், கொறைச்சிருதேன். இதென்னளா, மேசைல ஊளிமீன் முள்ளு மாதிரி கெடக்கு?"

"கப்பல்."

"யாரு தின்னுட்டுப் போட்டது?"

"இனிமேத்தான் சதை வைக்கணும்" என்றான் ரோச்.

மீன்முள் என்று அவள் சொன்னது சரிதான். கப்பலின் முதுகெலும்பாக ஒரு நீளப் பலகை. ஏரா என்பார்கள். அதன் குறுக்கே பன்னிரண்டு விலாச்சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு, ஏராவில் அதற்கு ஒரு வெட்டு. இரண்டும் ஒன்றில் ஒன்று இறங்கி உட்கார வேண்டும். எல்லாவற்றையும் பசை இல்லாமல் ஒருமுறை மாட்டிப் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் படம் இருந்தது. அப்படித்தான் மாட்டினான். ஆனால் அவன் எஞ்சின்காரன். லூசாக இருப்பது எதையும் நம்ப மாட்டான். எஞ்சினில் லூசாக இருப்பது அடிக்கும், அடிப்பது உடையும். அதனால் லேசாக ஆடிய சட்டங்களுக்கு வெட்டில் காகிதம் மடித்து வைத்தான். இறுக்கமாக இருந்தவற்றை ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்கினான். புதன் சாயங்காலம் பன்னிரண்டும் நின்றன. பிடித்து ஆட்டினால் ஒன்றுகூட அசையவில்லை. திருப்தியாகச் சாப்பிட்டான். விஜிலாவிடம் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான்.

வியாழன் காலையில் ஏரா திருகியிருந்தது. முன்முனையில், அணியத்தில், நேராக இருந்த பலகை பின்பக்கம் போகப்போக இடதுபுறம் சாய்ந்து, விலாக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தன. ரோச் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். மேசையைச் சுற்றி வந்து மறுபக்கமிருந்து பார்த்தான். பிறகு சட்டங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ஒன்றின் ஓரத்தில் சிம்பு பெயர்ந்தது. எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடினான். ஏரா நீளமாக இருந்ததால் மூடி சரியாக மூடவில்லை.

"மேல வச்சிருவோம்" என்றான். "நமக்கு இதெல்லாம் சரிவராது. ஜாய்சன்ட்ட வாறேன்னு சொல்லிரலாம்."

"சனிக்கிழமைதான கூப்புடுதான்" என்றாள் விஜிலா.

அவன் மொட்டைமாடிக்குப் போனான். அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கப்பல்கள் தெரியும். எண்ணிக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். டயானா பிறந்த வருடம் அவள் ஒருமுறை சொன்னாள். போகாண்டாம் என்றாள். அவன் போகவில்லை. சண்டை எதுவும் போடவில்லை. போட்டதைத் தின்றான், பிள்ளையைத் தூக்கினான், ஒவ்வொரு சாயங்காலமும் பழைய ஹார்பருக்குப் போய் நின்று கப்பலை எண்ணிவிட்டு வந்தான். இன்னைக்கு ஆறு, இன்னைக்கு நாலு என்று அவளிடம் சொல்வான். ஐந்தாவது மாதம் அவளே ஏஜெண்டுக்குப் போன் பண்ணச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் எடுத்ததில்லை. அவன் தேதி சொல்வான். அவள் பெட்டி அடுக்குவாள்.

மதியம் ஒரு பட்டு ரவிக்கையைத் தேய்த்து முடித்தாள். இஸ்திரிப்பெட்டி சூடாக இருந்தது. அதை அணைக்கப் போனவள் அணைக்கவில்லை. பெட்டியிலிருந்து ஏராவை எடுத்து மேசையில் வைத்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம், அவள் பக்கம். ஒரு பழைய வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து அதன்மேல் விரித்தாள். இஸ்திரிப்பெட்டியை இறக்கினாள். ஆவி எழுந்தது. மரம் வேகிற வாசனை வந்தது.

ரோச் கீழே இறங்கி வந்தான்.

"என்னளா செய்யுத?"

"தேய்க்கேன்."

"பலகையவா?"

"பட்டையே தேய்க்கேன். ஒங்க வெறகத் தேய்க்க என்ன பயம்?"

அவள் ஏராவைத் திருப்பிப் போட்டாள். "ரவிக்கைக்குக் கை வைக்கும்போது இழுத்துப் பிடிச்சுத் தச்சா, அப்ப நல்லாத்தான் இருக்கும். போட்டுக்கிட்டு கையத் தூக்குனா முதுகு கோணிரும். நீங்க பன்னெண்டு கையையும் இழுத்து வச்சிருக்கீய."

"லூசா வைக்கச் சொல்லுதியா?"

"லூசா இல்ல. அதுபாட்டுக்கு உக்காரணும்."

அவன் குனிந்து பலகையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "ஓரத்துல இன்னும் கொஞ்சம் தண்ணி தொடு" என்றான்.

இருவரும் அதைத் தரையில் வைத்து, மேலே அடுக்களையில் சும்மா கிடந்த கடப்பைக் கல்லை வைத்து, அதன்மேல் அரிசி டின்னை வைத்தார்கள். பொங்குவதற்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் பாரம் குறையுமே என்று அவன் கவலைப்பட்டான். நியாயமான கவலைதான். அன்றைக்கு அவள் பக்கத்துக் கடையில் அரை கிலோ அரிசி வாங்கிச் சமைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஏரா நேராக இருந்தது. முழு நேர் இல்லை. அவன் கண்ணை மூடிப் பார்த்து, நூலைப் பிடித்துப் பார்த்து, "போதும்" என்றான். எஞ்சினைப் பற்றி அவன் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதில்லை. அன்று முழுக்க வெட்டுகளை உப்புத்தாளால் அகலப்படுத்தினான். விரலால் அழுத்தினால் இறங்குகிற அளவுக்கு. ஒவ்வொன்றையும் அவளிடம் நீட்டினான். அவள் இறக்கிப் பார்த்து, தலையை ஆட்டினாள், அல்லது திருப்பிக் கொடுத்தாள். ஏழாம் நம்பர் மூன்று முறை திரும்பி வந்தது. "கொஞ்சம் கருணை காட்டுளா" என்றான். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் பசை போட்டு ஒட்டினார்கள். துணி காயப்போடும் கிளிப்புகள் எல்லாம் கப்பலுக்குப் போய்விட்டன. கொடியில் துணிகள் காற்றில் பறந்து பக்கத்து வீட்டில் விழுந்தன. மேசையில் சாக்கட்டிக் கோடு எங்கே இருந்தது என்று இப்போது தெரியவில்லை. யார் அழித்தது என்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை பத்தரைக்குப் பதினொரு விலா முடிந்திருந்தது. மிச்சம் ஒன்றாம் நம்பர். அணியத்தை ஒட்டியது, எல்லாவற்றிலும் சிறியது. கிளிப் கவ்வ அதில் இடம் இல்லை. கையால்தான் பிடிக்க வேண்டும், இருபது நிமிடம். விஜிலா டீ கொண்டுவந்தாள். ரோச் நின்றுகொண்டே பாதி குடித்தான். கண் முழுக்க விலாவில் இருந்தது. டம்ளரைப் பார்க்காமல் கீழே வைத்தான்.

மேசையின் விளிம்பில் வைத்தான். அடிப்பாகத்தில் ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

விஜிலா அதைப் பார்த்தாள். கை தன்னால் நகர்த்தப் போனது. நகர்த்தவில்லை.

"ஏளா, அந்தப் பக்கம் பிடி. அளவுமட்டம் பாரு."

அவள் இடது கையால் பிடித்தாள். அவன் இரண்டு கையாலும் பிடித்தான். அவனுடைய பெருவிரலில் ஒரு பழைய தீக்காயம் இருந்தது. அதன்மேல் பசை வெள்ளையாகப் பிதுங்கியது. முகங்கள் மிக அருகில் இருந்தன. அவன் மூச்சில் டீ வாசனை. வெளியே ஆடிக் காற்று ஜன்னலைத் தள்ளிப் பார்த்தது.

"இந்த விலா முடிஞ்சா பலகை ஒட்டணும்" என்றான் ரோச். "ஒவ்வொரு சக்கையாத் தண்ணில ஊறப்போட்டு வளைக்கணும். ஆறு மாசம் ஆவும்னு புக்குல போட்டிருக்கான்."

"ம்."

"ஒனக்கு மேசை வேணுமே."

"பாதி போதும்."

போன் அடித்தது. அது அவள் பக்கம், கத்திரிக்கோலுக்கும் டேப்புக்கும் நடுவே கிடந்தது. திரையில் ஜாய்சன் பெயர் எரிந்தது. சுவரில் மணி பதினொன்று. போன் அதிர்ந்ததில் மேசை அதிர்ந்தது. விளிம்பில் இருந்த டம்ளரில் மிச்ச டீ சின்னச்சின்ன வளையமாக நடுங்கியது. விழவில்லை.

"இப்ப கைய எடுத்தா போச்சு" என்றான் ரோச். விலாவைச் சொன்னான். போனைப் பார்த்தான். மறுபடியும் விலாவைப் பார்த்தான். கையை எடுக்கவில்லை.

விஜிலா இடது கையை விடாமல், வலது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"ஏங்க, வரலன்னு நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?"