ஏழாம் கேள்விக்கு முட்டை

வீட்டில் நான் அண்ணி. அவள் என் கணவரின் தங்கை. பள்ளிக்கூடத்திலோ அவள் ஆங்கிலத் துறைத் தலைவி, நான் அவளுக்குக் கீழே. இந்த வயிற்றெரிச்சலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இறுதித் தேர்வின் ஏழாம் கேள்வி இது: 'வி ரீச்ட் லேட், த ஷாப் வாஸ் க்ளோஸ்டு.' இதில் 'க்ளோஸ்டு' செயப்பாட்டு வினையா, பெயரடையா? செயப்பாட்டு வினை என்று விடைக்குறிப்பு எழுதியவள் அவள்தான். பெயரடை என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் நான் தாராளமாக முட்டை போட்டேன்.

இருநூற்று எண்பது தாளும் முடிந்து, கட்டுகளைக் கட்டியாயிற்று. ஃபெயிலான தாள்களை மட்டும் முதல் வரியிலிருந்து மறுபடி படிப்பது அவள் வழக்கம். ஒரு தாளில் நின்றுவிட்டாள். நான் திருத்தியது. முப்பத்தொன்பது மார்க், பாஸுக்கு நாற்பது வேண்டும். ஏழாம் கேள்விக்குப் பெயரடை என்று எழுதியிருந்த அந்த மாணவி, ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தாள்: 'வாஸ்ங்கிறதை எடுத்துட்டு ரிமெய்ன்டுன்னு போட்டாலும் சரியா வருது.'

நாத்தனாரின் முகம் தொங்கிப்போயிற்று.

"அண்ணி, இந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி. யாரோ கடையை மூடினதை இந்த வாக்கியம் சொல்லல. நாம போனப்ப கடை எப்படி இருந்துச்சுன்னு சொல்லுது. நான்தான் சொதப்பிட்டேன்."

"அவளுக்கு மட்டும் ஒண்ணு போட்டுட்டுக் கட்டு. யாருக்குத் தெரியப்போகுது?"

"மத்த பிள்ளைங்க என்ன பாவம் பண்ணாங்க?"

நேரே தலைமையாசிரியரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவர் நல்ல மனிதர். "'விடைக்குறிப்பில் பிழை ஏற்பட்டுவிட்டது'ன்னு ஒரு அறிவிப்பு போடுங்கம்மா, போதும். யாரு எவருன்னெல்லாம் வேண்டாம்" என்றார். அவள் சரியென்று தலையாட்டினாள்.

பலகையில் அவள் ஒட்டியது இது: 'ஏழாம் கேள்விக்கான விடையை நான் தவறாக எழுதினேன். எல்லாத் தாள்களையும் மீண்டும் திருத்துவோம்.' கீழே முழுக் கையெழுத்து.

அந்த 'திருத்துவோம்' என்னையும் சேர்த்துத்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபம் வந்தது, அதைவிட அதிகமாகப் பெருமை வந்தது. பத்து வருஷமாக அவளைக் குறை சொல்லியே பழகிய எனக்கு.

திரும்பி வந்து முதலில் அந்த முப்பத்தொன்பதை எடுத்தேன். முட்டையை அடித்து ஒன்று போட்டேன். மேலே நாற்பது என்று எழுதினேன். வழக்கமாக இனிஷியல் கிறுக்கலோடு விட்டுவிடுகிறவள், அன்று பக்கத்தில் முழுக் கையெழுத்துப் போட்டேன்.